வீடுகள் பெருகின, குடிகள் குறைந்தன

ஓர் ஊரின் அழகே அவ்வூராருக்குப் பகையாதல் கூடுமோ? கூடும் என்பதற்கு இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலே, கோர்ன்வால் பிரதேசத்தில் உள்ள சென்ற் ஐவ்ஸ் என்னும் சிறு பட்டினம் சான்றாக நிற்கின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது மீனவர் பட்டினம். இலங்கைக் கடலிற் பிடிபடும் சூடையை ஒத்த ஒருவகை மீனே அதன் செல்வம். அம்மீனை உப்பிட்டு, மரப்பீப்பாக்களில் அடைத்து, இத்தாலி வரை அனுப்பினர். துறைமுகத்தை அடுத்த ஒடுங்கிய தெருக்களில், கீழ்த்தளத்தில் மீனும் வலையும், மேல்தளத்தில் குடும்பமுமாக வாழ்ந்தனர். 1877இற் புகையிரதம் வந்தது. உல்லாசப் பிரயாணிகளும் வந்தனர். மீன்வளம் குன்றவே, பாய்மரச் சீலைகள் வைத்திருந்த மேல்மாடங்கள் ஓவியர்களின் கூடங்களாயின. 1920இல் மட்பாண்டக் கலைஞர் பேர்னாட் லீச்சும், 1939இற் சிற்பி பார்பரா ஹெப்வேர்த்தும் அங்கே குடியேறினர். 1993இல் டேற் கலைக்கூடம் திறக்கப்பட்டதும் ஊரின் புகழ் மேலும் பரவியது.

புகழ் பரவப் பரவ வீட்டின் விலையும் ஏறியது. விருந்தினராய் வந்தவர்கள் விடுமுறைக்கென வீடு வாங்கத் தலைப்பட்டனர். அவர்கள் லண்டன் முதலிய பெருநகரங்களில் ஈட்டிய பொருளோடு வந்தவர்கள். உள்ளூர் மீனவனும், மருத்துவத் தாதியும், உணவுச்சாலைப் பணியாளனும் தத்தம் ஊதியத்தைக் கொண்டு அவர்களோடு போட்டியிடுதல் எங்ஙனம்? வாடகைக்கு இருப்போம் எனினும் அதுவும் எளிதன்று. கோடையில் வாரக்கணக்கிற் பிரயாணிகளுக்கு விட்டாற் கிடைக்கும் பணம், ஆண்டு முழுவதும் ஒரு குடும்பத்துக்கு விடுவதிலும் மிகுதி. ஆதலின் குளிர்காலத்தில் மட்டும் வீடு கொடுத்து, கோடை பிறந்ததும் வெளியேறச் சொல்லும் வழக்கமும் கோர்ன்வாலில் உண்டாயிற்று.

வீடுகளைப் பெருக்கினாற் குறை தீராதோ எனக் கேட்கலாம். 2001 முதல் 2011 வரையான பத்து ஆண்டுகளில் சென்ற் ஐவ்ஸ் பகுதியில் வீடுகளின் தொகை நூற்றுக்கு 16 வீதம் உயர்ந்தது. நிலையாக வாழும் மக்களின் தொகையோ நூற்றுக்கு 2.4 வீதமே உயர்ந்தது. 2011இல் ஏறத்தாழ நான்கில் ஒரு வீடு, இரண்டாம் இல்லமாகவோ விடுமுறை விடுதியாகவோ இருந்தது. வீடு பெருகியது, குடி பெருகவில்லை.

இதனால் விளையும் கேட்டைப் பணத்தால் மாத்திரம் அளத்தல் பொருந்தாது. சென்ற் ஐவ்ஸ் துறைமுகத்தில் உயிர்காப்புப் படகு ஒன்று உண்டு. அதனைச் செலுத்துவோர் ஊரிலுள்ள தொண்டர்கள். 1939 ஜனவரியிற் புயலிடையே ஒரு கப்பலைத் தேடிச் சென்ற படகில் இருந்த எண்மரில் எழுவர் மாண்டனர். அபாய அழைப்பு வந்ததும் சில நிமிடங்களிற் கரைக்கு ஓடிவர வேண்டுமாயின், தொண்டர்கள் துறைமுகத்துக்கு அண்மையிலே குடியிருத்தல் வேண்டும். கோடையில் மாத்திரம் விளக்கெரியும் வீட்டிலிருந்து மாரிக்காலப் புயலுக்கு யார் இறங்கி வருவார்?

இதனை உணர்ந்த ஊரார் 2016 மே மாதத்தில் வாக்கெடுப்பொன்றில் தம் கருத்தைத் தெரிவித்தனர். புதிதாகக் கட்டப்படும் வீடுகள் நிலையாக வாழ்வோருக்கே உரியன என்னும் விதிக்கு நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் ஆதரவளித்தனர். அவ்விதியை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கும் அவ்வாண்டிலேயே தோல்வியுற்றது. 2022இல் யோக்‌ஷயர்க் கரையிலுள்ள விற்பி நகரத்தாரும் இத்தகைய விதியை வேண்டிப் பெருவாரியாக வாக்களித்தனர்.

ஆயினும் விதியின் விளைவை ஆராய்ந்த லண்டன் பொருளியற் கல்லூரி அறிஞர் வேறொன்றைச் சுட்டிக்காட்டினர். வெளியார் புதிய வீடுகளை விட்டுப் பழைய வீடுகளை நாடினர். ஆதாயம் குறைந்ததாற் கட்டுவோரின் ஊக்கமும் தளர்ந்தது. புதிய வீடு வெறுமையாய்க் கிடவாது காப்பதே விதியின் நோக்கம், அது நிறைவேறுகின்றது என்பர் ஆதரிப்போர். இரு கூற்றிலும் உண்மை உண்டு. ஒரு வாயிலை அடைப்பின், நீர் மறு வாயிலைத் தேடும். 2025 ஏப்ரல் முதல் கோர்ன்வால் சபை இரண்டாம் இல்லங்களுக்கு, இலங்கையின் சோலைவரி போன்ற வரியை இருமடங்காக்கியதும் பழைய வீடுகளைக் கருதியே.

தடுத்தலோடு கொடுத்தலும் வேண்டும் என்பதற்கு அதே கோர்ன்வாலில் சென்ற் மின்வர் என்னும் ஊர் வழிகாட்டுகின்றது. அங்கே ஊரார் ஒரு நிலப் பொறுப்பாட்சி அமைத்தனர். விவசாயி ஒருவர் குறைந்த விலைக்கு நிலம் ஈந்தார். உள்ளூர்க் குடும்பங்கள் தாமே உழைத்துப் பன்னிரண்டு வீடுகள் கட்டி, 2008இற் குடிபுகுந்தன. விலை, சந்தை விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பின்னர் விற்க நேரினும் அதே விகிதத்திலேயே விற்றல் வேண்டும் என்பது நிபந்தனை. இன்று வாங்குவோன் பெற்ற சலுகை நாளை வருவோனுக்கும் கிடைக்கும். பன்னிரண்டு வீடுகள் பெருந்தொகை அல்ல. ஆயினும் அவை பன்னிரண்டு குடும்பங்களைத் தம் ஊரில் நிலைக்கச் செய்தன.

விருந்தினரை வெறுத்தல் எவ்வூருக்கும் நன்றன்று; அவர்களாற் பிழைப்போர் பலர். ஆயின் விருந்தோம்புதற்கு வீட்டார் என ஒருவர் வேண்டும். வீட்டாரை வெளியேற்றிவிட்டு விருந்தினரை மாத்திரம் வைத்திருக்கும் ஊர், விடுதியாகலாம், ஊராகாது.