மடைக்காவலும் கடவுச்சொல்லும்



தமிழகத்தின் ஏரிப்பாசன ஊர்களில் நீர்க்கட்டி என்றொரு பொறுப்பு உண்டு. மடையை எப்பொழுது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நீர் விடுவது என்பதைக் கவனிப்பவர் அவரே. ஏரியில் நீரைத் தேக்குவது ஒரு கடமை. தேக்கிய நீரின் மடையைக் காப்பது மற்றொரு கடமை. பேண்தகு வளர்ச்சியைப் பற்றிப் பேசுவோர் முதற் கடமையை விரிவாக எடுத்துரைக்கின்றனர். இரண்டாவதைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். அமெரிக்காவில் இன்று மடை கணினிக்குள் இருக்கிறது. அதன் திறவுகோல் ஒரு கடவுச்சொல்.

மேற்கு டெக்சாசில் ஒகல்லாலா நிலத்தடி நீர் ஆண்டுதோறும் குறைந்து வருகிறது. ஒவ்வொரு துளியும் எண்ணிச் செலவிடப்பட வேண்டிய அப்பகுதியில், மியூல்சூ என்னும் சிற்றூரின் நீர்த்தொட்டி 2024 சனவரியில் நிரம்பி வழிந்தது. தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருளுக்குள் அயலார் புகுந்ததே காரணம். அருகிலுள்ள ஹேல் சென்டர் ஊரின் கணினிக்குள் நுழைய நான்கு நாள்களில் 37,000 முயற்சிகள் நடந்தன. அவ்வூரார் இணைப்பைத் துண்டித்துவிட்டு, நீர் வழங்கலைக் கைகளால் இயக்கிக் காத்தனர்.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் 2021 சனவரி 15 அன்று, நீர்ச் சுத்திகரிப்பு நிலையமொன்றின் கணினிக்குள் புகுந்த ஒருவர், குடிநீரைத் தூய்மையாக்கும் நிரல்களை அழித்தார். பணியிலிருந்து விலகிய ஊழியர் ஒருவரின் கணக்கே அவருக்கு வழியாயிற்று. மறுநாள் இது கண்டறியப்பட்டு நிரல்கள் மீண்டும் நிறுவப்பட்டதால் எவருக்கும் தீங்கு நேரவில்லை.

நியூ ஜெர்சி மாநிலம் கேம்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்கன் வாட்டர் நிறுவனம், 14 மாநிலங்களில் ஏறத்தாழ 1.4 கோடி மக்களுக்குப் பணியாற்றுவது. 2024 அக்டோபரில் அதன் கணினிகள் தாக்கப்பட்டபோது கட்டணம் செலுத்தும் தளம் மூடப்பட்டது. நீர் நிலையங்கள் பாதிக்கப்படவில்லை என்று நிறுவனம் அறிவித்தது. நீர் நிறுவனங்கள் இணையப் பாதுகாப்புத் திட்டம் வகுக்க வேண்டும் என்று இம்மாநிலம் 2017லேயே சட்டம் இயற்றியிருந்தது குறிப்பிடத்தக்கது.

காற்றாலைகளும் இதற்கு விலக்கல்ல. 2022 பிப்ரவரி 24 அன்று, உக்ரைன் போர் தொடங்கிய வேளையில், செயற்கைக்கோள் இணையச் சேவையொன்று தாக்கப்பட்டது. அதன் விளைவாக, போருக்குத் தொடர்பற்ற ஜெர்மானிய நிறுவனமொன்று 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் வசதியை இழந்தது.

நீரையும் மின்சாரத்தையும் சிக்கனப்படுத்தவே உணரிகளும் அறிதிறன் அளவிகளும் பொருத்தப்படுகின்றன. அவை பெருகும்போது வாயில்களும் பெருகுகின்றன. வாயில் பெருகினால் காவலும் பெருக வேண்டும். குழாய்நீரின் மீது நம்பிக்கை இழந்த மக்கள் நெகிழிப் புட்டி நீருக்குத் திரும்புவர். பல்லாண்டு உழைப்பு ஒரு நாளில் வீணாகும்.

பெற்றோரே, இக்காவல் இல்லத்திலேயே தொடங்குகிறது. கூரைமேல் சூரிய மின்தகடு அமைத்துள்ள தமிழ்க் குடும்பங்கள் பல. மின்மாற்றிக் கருவி, தோட்டத்து நீர்த்தெளிப்பான், வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவை இணையத்தோடு இணைந்திருப்பின், அவற்றோடு வந்த கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். வீட்டை விற்றுச் சென்ற முன்னாள் உரிமையாளரின் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். விரிகுடாப் பகுதி நிகழ்ச்சி தரும் பாடம் அதுவே.

இளைஞர்களே, கணினி அறிவு உங்களுக்கு வேலை தேடித்தருவதற்கு மட்டும் உரியதன்று. சிற்றூர்களின் நீர்த்துறைகளில் இணையப் பாதுகாப்புக்கென்று தனி ஊழியர் இருப்பது அரிது. உங்கள் நகர மன்றக் கூட்டத்திற்குச் சென்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: விலகிய ஊழியர்களின் கணக்குகள் மூடப்பட்டனவா? கடவுச்சொல்லோடு இரண்டாவது சரிபார்ப்பும் உள்ளதா? கணினி முடங்கினால் கைகளால் இயக்கத் தெரிந்தவர் இருக்கின்றனரா?

ஹேல் சென்டரைக் காத்தது அந்த மூன்றாவது கேள்விக்கான விடையே. குடியேறிய ஊரின் நீரும் சொந்த ஊரின் நீரே. அதன் மடையைக் காப்பதில் தமிழ் இளைஞர்களுக்கும் பங்கு உண்டு.