வலசை போகும் முதியோர்

குளிர் மிகுந்தால் பறவைகள் தென்றிசை நோக்கி வலசை போகும். வட அமெரிக்காவில் ஓய்வு பெற்ற முதியோர் பலரும் அவ்வாறே செய்கின்றனர். 'பனிப்பறவைகள்' என்றே அவர்களுக்குப் பெயர். அடுக்களையும் படுக்கையும் அமைந்த வீட்டு வண்டியே அவர்களுடைய கூடு.

கனடாவிலிருந்தும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலிருந்தும் புறப்படும் தம்பதிகள் பலர், அரிசோனாப் பாலைவனத்தில் குவார்ட்சைட் என்னும் சிற்றூரை அடுத்துத் தங்குகின்றனர். கூட்டரசின் நில நிர்வாகத் துறை, செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நெடுநாள் தங்கும் ஏற்பாட்டை அங்கே 1983-இல் தொடங்கியது.

சிலர் வீட்டையும் விற்றுவிட்டே புறப்படுகின்றனர். வண்டி ஓட்டும் கணவருக்குக் கண் மங்கி, மனைவியும் ஓட்டப் பழகாதிருந்தால் என் செய்வது? இதனை எண்ணியே, 1978-இல் தோன்றிய 'எஸ்கேப்பீஸ்' என்னும் பயணிகள் சங்கத்தார், டெக்சாஸ் மாநிலத்து லிவிங்ஸ்டனில் ஒரு பராமரிப்பு நிலையம் கண்டனர். ஓட்ட இயலாதோர் தம் வண்டியிலேயே வாழ்ந்து, உணவும் உதவியும் பெற அது வழி செய்தது.

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்த நமக்கும் இது சிந்தனைக்குரியது. புறப்படும் நாளைக் குறிப்பது எளிது. இறுதியில் எங்கே தங்குவது என்பதைக் கணவனும் மனைவியும் உடல்நலத்தோடு இருக்கும்போதே கலந்து முடிவு செய்வதன்றோ அறிவுடைமை!