மாற்கு துதிபாடி அல்லர்



ஸ்பானிய விவிலிய ஆய்வு நூல்களில் 'அஹியோக்ரஃபோ' என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். அதே கிரேக்க வேரில் பிறந்த 'ஹேகியோகிராஃபர்' ஆங்கிலத்தில் இருக்கிறது. ஸ்பானியத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்க்கும்போது அதை அப்படியே தூக்கி வைத்துவிட்டால் வேலை முடிந்ததென்று கை பரபரக்கும். வைத்தால் என்ன ஆகும்?

ஸ்பானியச் சொல் விவிலிய நூலை எழுதியவரையும் குறிக்கும், புனிதர் வரலாறு எழுதுபவரையும் குறிக்கும். ஆங்கிலத்தில் இரண்டாவதுதான் பொதுவாகப் புழங்குகிறது. போதாக்குறைக்கு, தலைவர்களுக்குக் காவடி தூக்கி வாழ்க்கை வரலாறு எழுதுகிறார்களே, அவர்களுக்கும் அங்கே அதுதான் பெயர்! நம் ஊரிலும் அந்த இனத்துக்குப் பஞ்சமில்லை. இயேசுவின் சீடர்கள் தப்பியோடியதையும் பேதுரு மறுதலித்ததையும் மறைக்காமல் எழுதிய நற்செய்தியாளர் மாற்கு, ஒரே சொல்லில் துதிபாடி ஆகிவிடுகிறார்.

'பிப்ளிக்கல் ஆத்தர்' என்று போடலாமே என்பார்கள். தவறில்லை. ஆனால் மூலச் சொல்லில் இருக்கும் புனிதம் அதில் உதிர்ந்துபோகிறது. 'இன்ஸ்பயர்டு ஆத்தர்'? அதற்கு ஸ்பானியத்தில் தனித் தொடரே உண்டு. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தந்த 'தேயி வெர்பும்' ஏட்டின் ஸ்பானியப் பெயர்ப்பில், 11ஆம் எண்ணில் அந்த இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டுக்கும் ஒரே சொல்லைச் செலவழித்துவிட்டால் அந்த வரியில் திண்டாட வேண்டியதுதான். ஆங்கிலப் பெயர்ப்பு அங்கே 'சேக்ரட் ரைட்டர்ஸ்' என்றது. என் கட்சியும் அதுவே.

எழுதியவர் புனிதரா என்று கேட்பீர்கள். இல்லை, எழுத்துதான் புனிதமானது. அதே 11ஆம் எண் அந்த மனிதர்களை உண்மையான ஆசிரியர்கள் என்றும் சொல்கிறது. ரோமில் விவிலியம் கற்பித்த ஸ்பானிய இயேசு சபைக் குரு லூயிஸ் அலோன்சோ ஷேக்கல், எபிரேயக் கவிதையியலில் ஊறியவர். அவர் பார்வையில் விவிலியத்தை எழுதியவர், சொல்லோடு மல்லுக்கட்டும் கவிஞனைப் போன்ற ஓர் எழுத்தாளர். அலோன்சோ ஷேக்கலை மொழிபெயர்க்கும்போது 'சேக்ரட்' எவ்வளவு முக்கியமோ, 'ரைட்டர்' அதைவிட முக்கியம்.

ஓர் எச்சரிக்கை. 'அஹியோக்ரஃபோ' என்ற இதே சொல் பன்மையில், பெரிய எழுத்தில் தொடங்கி வந்தால், பெரும்பாலும் அது ஆட்களைக் குறிக்காது. எபிரேய விவிலியத்தின் மூன்றாம் பகுதியைக் குறிக்கும். திருப்பாடல்களும் யோபுவும் நீதிமொழிகளும் அடங்கிய அந்தத் தொகுப்புக்கு ஆங்கிலத்தில் 'ரைட்டிங்ஸ்' என்று போட்டுவிடுங்கள்.