வாயில்லாச் சீவன்களின் செவிநோய்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்பர். அங்கே, போரதீவுப்பற்றிலே, வெல்லாவெளி என்னும் ஊர் இருக்கின்றது. மாரிமழையை நம்பிப் பெரும்போகம் விளைவிக்கும் ஊர் அது. கதிர் முற்றுங் காலத்தில் அங்குள்ள கமக்காரருக்கு உறக்கமில்லை. காட்டு யானையும் பன்றியும் இருளோடு இருளாக வயலை நாடி வரும். காவற் பரணிலே மனிதன் கண்ணயர்ந்தாலும், அதன் அடியிலே படுத்திருக்கும் நாய் அயர்வதில்லை. பற்றைக்குள் சுள்ளி முறியும் ஓசை மனிதனுக்கு எட்டுமுன் நாய்க்கு எட்டிவிடுகின்றது. அது குரைத்த பின்னரே தீப்பந்தம் எழுகின்றது. ஆகவே, அந்த நாயின் செவியும் வயலுக்கு ஒரு வேலி என்றே சொல்லலாம்.

அத்தகைய செவிக்கு நோய் வந்தால் நாயினால் வாய்விட்டுச் சொல்ல இயலாது. அது தலையை உதறுகின்றது. பின்னங்காலாற் காதைப் பிறாண்டுகின்றது. உண்ணி கடித்திருக்கும் என்று வீட்டார் விட்டுவிடுகின்றனர். சில நாட்களில் காதிலிருந்து துர்நாற்றம் வீசுகின்றது, சீழ் வடிகின்றது. பிள்ளைகளோடு விளையாடிய நாய், காதைத் தொட்டவுடன் உறுமுகின்றது. அதன் குணம் கெட்டுவிட்டது என்பர். உண்மையில் அது நோவின் மொழியாகும்.

மனிதரின் செவிக்குழாய் ஏறக்குறைய நேரானது. இரண்டரைச் சென்ரிமீற்றர் அளவு நீளமுடையது. நாயினதும் பூனையினதும் குழாயோ முதலிற் கீழ்நோக்கி இறங்கிப் பின்னர் உட்புறமாக வளைந்து செவிப்பறையை அடைகின்றது. இந்த வளைவினாலே உள்ளே புகுந்த ஈரமும் அழுக்கும் எளிதில் வெளியேறுவதில்லை. குளத்திலும் வாய்க்காலிலும் நீந்தும் நாய்க்கும், மடல் தொங்கும் நாய்க்கும் இந்த இடர் அதிகம். ஈரமும் வெப்பமும் சேர்ந்தவிடத்துப் பூஞ்சணமும் பற்றீரியாவும் பெருகுகின்றன. கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ஒருவகைச் சிற்றுண்ணிகள் உட்புகுந்தால், கோப்பித்தூள் போன்ற கரிய அழுக்குச் சேரும். இவை பூனைக்குட்டிகளிடத்து மிகுதி. ஒரு பிராணியிலிருந்து மற்றொன்றுக்கும் தொற்றும். தோல் ஒவ்வாமையும், புல்லின் கூரிய விதையும் வேறு காரணங்களாகும்.

இந்நோய்கள் யாவும் கத்திக்கு உரியன அல்ல. தொடக்கத்திலேயே கால்நடை வைத்தியரிடம் காட்டினால், பெரும்பாலானவை காதைக் கழுவித் துளிமருந்து இடுவதனாலேயே குணமடைகின்றன. புல்விதை சிக்கியிருந்தால், மயக்கமருந்து கொடுத்துச் சிறு இடுக்கியால் எடுத்துவிடலாம். ஆனால், சூடாக்கிய எண்ணெயையும் மண்ணெண்ணெயையும் காதில் ஊற்றுவது பெருந்தவறு. செவிப்பறையில் துளை இருக்குமாயின், ஊற்றியது நடுச்செவிக்குள் இறங்கிக் கேட்டைப் பெருக்கிவிடும்.

தலையை ஓயாது உதறும் நாயின் காதுமடலிலே சில வேளைகளில் இரத்தக்குழாய் அறுந்து, தோலுக்கும் குருத்தெலும்புக்கும் இடையே குருதி தேங்குகின்றது. மடல் சிறு தலையணைபோல் உப்பிவிடும். வைத்தியர் மடலின் உட்புறத்தைக் கீறிக் குருதியை அகற்றி, தோல் மீண்டும் ஒட்டிக்கொள்ளும்படி பல இடங்களில் தையலிடுகின்றார். கவனியாது விட்டால் மடல் சுருங்கி உருக்குலைந்துபோகும். உதறலுக்குக் காரணமான உள்நோயையும் தீர்க்காவிடில், அதே குருதிக்கட்டு மறுபடியும் தோன்றும்.

அழற்சி பல மாதங்கள் நீடித்தால் குழாயின் சுவர் தடித்து வழி குறுகிவிடுகின்றது. நிலைக்குத்தான பகுதியின் வெளிச்சுவரை நீக்கி, காற்றுப் புகவும் கழிவு வடியவும் வழிசெய்யும் சத்திரசிகிச்சையொன்றை 1949ஆம் ஆண்டில் செப் என்னும் கால்நடை வைத்தியர் எழுதி வெளியிட்டார். உட்குழாய் கெடாதிருக்கும் பிராணிக்கே அது பயன்தரும்.

குழாய் முழுவதும் இறுகிக் கல்லைப்போல் ஆகிவிட்டால் இறுதி வழி ஒன்றே எஞ்சுகின்றது. செவிக்குழாய் முழுவதையும் அகற்றி, நடுச்செவியின் எலும்புக் கூட்டைத் திறந்து, உள்ளேயுள்ள சீழையும் நோயுற்ற படலத்தையும் துப்புரவாக நீக்கவேண்டும். முகநரம்பு குழாயை ஒட்டியே செல்வதால், இதற்குத் தேர்ந்த கை வேண்டும். அந்நரம்பு நலிந்தால், நாய் சில காலத்துக்கேனும் கண் இமைக்கமாட்டாது போகலாம். படலத்தில் ஒரு சிறு துண்டு தங்கினாலும் பின்னாளிற் கட்டி எழும்.

பூனைகளின் நடுச்செவியிலே ஒருவகைத் தசைவளர்ச்சி தோன்றுவதுண்டு. அதனைப் பிடித்து இழுத்து அகற்றலாம். மீண்டும் வளர்ந்தால் தாடைக்குக் கீழிருந்து எலும்புக் கூட்டைத் திறப்பர். வெண்ணிறப் பூனைகளுக்கு வேறோர் ஆபத்து உண்டு. கடும் வெயில் பல்லாண்டு படுவதால் மடலின் நுனியில் ஆறாத புண் தோன்றிப் புற்றாக மாறக்கூடும். காலத்தோடு மடலை வெட்டி அகற்றினால் பூனை பிழைக்கும். மடல் போவதனாற் செவிப்புலன் அற்றுப்போவதில்லை.

செவிக்குழாயையே அகற்றும் பெரிய சத்திரசிகிச்சையிலோ கேட்கும் ஆற்றலிற் பெரும்பங்கு போய்விடுகின்றது. காவல்நாயை வளர்க்கும் கமக்காரருக்கு இது கடினமான முடிவு. கேளாத நாய் பரணடியில் இருந்து என்ன பயன் என்று அவர் கேட்கலாம். ஆனால், அந்த நிலையை அடைந்த காது முன்னரே ஏறத்தாழச் செவிடாகியிருக்கும். எஞ்சியிருப்பது நோவு மட்டுமே. நோவு நீங்கிய நாய் மீண்டும் உண்கின்றது, உறங்குகின்றது, பிள்ளைகளை அண்டி வருகின்றது. பல ஆண்டுகள் வயலைக் காத்த சீவனுக்கு, காவல் முடிந்த பின்னர் நோவற்ற வாழ்வைக் கொடுப்பது வீட்டாரின் கடனாகும்.

எனினும், அத்தகைய சத்திரசிகிச்சை எல்லா ஊரிலும் நடைபெறுவதன்று. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடைப் போதனா வைத்தியசாலை போன்ற இடங்களை நாடவேண்டும். வாவிக்கரையிலிருந்து மலைநாடு வரை நோயுற்ற நாயைக் கொண்டுசெல்வது எளிதன்று, செலவும் சிறிதன்று. அந்தப் பயணத்தைத் தவிர்க்க வழி வீட்டு முற்றத்திலேயே இருக்கின்றது. மாலையில் வயலால் வந்த நாயின் மடலைத் தூக்கிப் பார்க்கவேண்டும். சிவப்போ, நாற்றமோ, கரிய அழுக்கோ தென்பட்டால், அடுத்த நாளே பிரதேசக் கால்நடை வைத்தியரிடம் காட்டவேண்டும். தலை ஒருபுறம் சாய்ந்தாலோ, நடை தள்ளாடினாலோ, நோய் உட்செவியை எட்டிவிட்டது என்று கொண்டு உடனே விரையவேண்டும். நீராட்டிய பின் காதின் வெளிப்புறத்தை மெல்லிய துணியால் ஒற்றுதல் நன்று. குச்சியை உள்ளே விடலாகாது. மனிதர் உண்ணும் நோவு மாத்திரைகளைக் கொடுத்தலும் ஆகாது. பரசிற்றமோல் பூனைக்கு நஞ்சாகும்.

இரவெல்லாம் வீட்டாருக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காவல் கிடக்கும் சீவன் அது. அதன் காதைப் பார்ப்பதற்குப் பகலிலே ஒரு நிமிடம் போதும்.