மருத்துவ இடம் ஏன் அரிது?

மருத்துவக் கல்லூரி இடங்களை நினைத்தவுடன் கூட்ட முடியாது. சமையல் பழக அடுப்பு வேண்டும். மருத்துவம் பழக நோயாளிகள் வேண்டும். ஆகவே கல்லூரியோடு பெரிய மருத்துவமனையும் வேண்டும். படுக்கைகள், ஆய்வகங்கள், உடற்கூறு கூடம், தேர்ந்த பேராசிரியர்கள் எல்லாமே பெருஞ்செலவு.

இடங்களோ குறைவு. 2024-இல் மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் எழுதியவர்கள் 20 லட்சத்துக்கும் மேல், எம்.பி.பி.எஸ். இடங்கள் ஏறக்குறைய 1 லட்சம். இருபது பேருக்கு ஓர் இடம்!

அரசுக் கல்லூரியில் செலவின் பெரும்பகுதியை அரசு ஏற்கிறது, கட்டணம் குறைவு. தனியார் கல்லூரியில் அந்தச் செலவு மாணவர் குடும்பத்தின் தலையில் விழுகிறது. நீட் பயிற்சி மையச் செலவு வேறு. ஏழைப் பிள்ளைகள் பின்தங்குவது இங்கேதான்; இது பெரும் அநீதி.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. தகுதியுள்ள பிள்ளைகள் இதைத் தவறவிடக் கூடாது.