மிதியடிக் கட்டையும் ஒரு குடையும்



பயண இலக்கியம் என்றதும் கடல்கடந்த தேசங்களே நம் நினைவுக்கு வருகின்றன. தாம் பிறந்த நகரத்தையே ஓர் அந்நியரைப் போலத் தனியே சுற்றித் திரிந்து எழுதிய ஒருவரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அவர் ஜப்பானிய எழுத்தாளர் நாகாய் கஃபூ (1879 - 1959). அமெரிக்காவிலும் பிரான்சிலும் சில ஆண்டுகள் வாழ்ந்து, வங்கி உத்தியோகமும் பார்த்து, 1908இல் டோக்கியோ திரும்பியவர். 1914 - 15இல், தாம் ஆசிரியராயிருந்த ‘மித்தா புங்காகு’ சஞ்சிகையில் ‘ஹியோரிகெட்டா’ என்ற தொடரை எழுதினார். மழையில்லா நாளில் அணியும் மிதியடிக் கட்டைக்கே அப்பெயர்.

காலிலே அந்தக் கட்டை. கையிலே குடை, வானம் எவ்வளவு வெளுத்திருந்தாலும் குடையின்றிப் புறப்படார். கூடவே, டோக்கியோ எடோ என வழங்கிய காலத்துப் பழைய நகரப்படம். அளவில் அது பிசகானதுதான். ஆனால் செர்ரி பூக்கும் உவேனோவில் அதை வரைந்தவன் பூவையே வரைந்திருந்தான். இராணுவத்தார் அளந்து வரைந்த படத்தில் இது ஏது?

காசு செலவில்லை, துணை தேவையில்லை, போய்ச் சேரவேண்டிய இடமுமில்லை. இப்படி நடந்தவருக்கு அகப்பட்டவை யாவை? பெருங்கோயில்களல்ல, வழியோரத்துச் சிறு சந்நிதிகள். கொமாகொமேயில் ஜிஸோ எனும் போதிசத்துவரின் சிலை ஒன்று. தலைவலி தீர்ந்தவர்கள் நன்றிக்கடனாக வறுக்கும் மண்சட்டியைக் கொண்டுவந்து அச்சிலையின் தலையிலே கவிழ்ப்பார்களாம்! பல்வலி தீர்க்கும் ஜிஸோ இன்னோரிடத்தில். அவருக்கு இனிப்பு மிட்டாய் என்றால் பிரியமாம். பல்வலிக்கு மிட்டாய் தின்னும் தெய்வம்! கஃபூ இதைக் கேலி செய்யவில்லை. இந்த வெகுளித்தனம் அவருக்கு ஆறுதலாயிருந்தது. மேனாட்டைப் பார்த்து அவசரமாக எழுப்பப்பட்ட கட்டடங்களின் மீதுதான் அவருக்குச் சினமெல்லாம்.

ட்ராம் வண்டி ஓடும் பெருவீதியை விட்டு அவர் குச்சொழுங்கைகளுக்குள் நுழைவார். வெயில் எட்டாத வீடுகளும் அங்கு வாழும் எளியவர்களும் அவர் எழுத்தில் ஓவியமாகிறார்கள். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தந்தையின் சொத்தில் கவலையின்றி வாழ்ந்தவர் கஃபூ. ஒழுங்கையின் அழகு, மாலையில் அதைவிட்டு வீடு திரும்பக் கூடியவருக்கே தெரிந்த அழகோ என்ற ஐயம் எனக்கு உண்டு. ஆனாலும் வேறெவர் அவற்றை எழுதி வைத்தார்?

ஏனெனில் 1923 செப்டெம்பர் 1இல் பூமி அதிர்ந்தது. தீயில் பழைய நகரின் பெரும்பகுதி அழிந்தது. 1945 மார்ச் 10 விமானக் குண்டுவீச்சில் எஞ்சியவற்றிலும் பெரும்பகுதி எரிந்தது. கஃபூவின் வீடும் நூல்களும் அன்றிரவே சாம்பலாயின. அவர் தூக்கிக்கொண்டு ஓடியது தம் நாட்குறிப்பையும் கையெழுத்துப் பிரதிகளையுமே.

1917இல் தொடங்கிய அந்த நாட்குறிப்பை இறப்பதற்கு முதல்நாள்வரை எழுதினார். 1959 ஏப்ரில் 29ஆந் திகதிக்கு அவர் குறித்து வைத்தது இவ்வளவுதான்: அன்று விடுமுறை, வானம் மந்தாரம்.