வீட்டுக்குக் காவல் பூட்டா? எலுமிச்சம்பழமா?

(புதூர்நாட்டில் பேசிய பேச்சு)



கதவு, பூட்டு, சாவி என்பதான இந்தச் சாதாரண விஷயத்தைப் பேசுவதற்கு ஒரு கூட்டமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். இந்தப் புதூர்நாட்டிலும், பக்கத்து நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடுகளிலும் சாமை அறுப்பு முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டுக் கேரளத்துக்கும் கர்நாடகக் காப்பித் தோட்டங்களுக்கும் கூலிக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்? மாதக்கணக்கில் வீடு ஆளற்றுக் கிடக்கின்றது. உள்ளே என்ன இருக்கின்றதென்றால் நாலு மூட்டை சாமை, ஒரு ஜோடிக் கம்மல், அவற்றோடு ஒரே தகரப்பெட்டியில் பட்டா, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் ஜாதிச் சான்று. கம்மல் போனால் மறுபடி கூலி செய்து வாங்கலாம். பழங்குடிச் சான்று போனாலோ, கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு எத்தனை முறை மலையிறங்க வேண்டும், எத்தனை நாள் கூலி போகும் என்பதை நாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட வீட்டுக்கு நாம் செய்யும் பந்தோபஸ்து என்ன? நிலையில் எலுமிச்சம்பழமும் மிளகாயும், வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய், மந்திரித்த தகடு. இவ்வளவுக்கும் கீழே, சந்தையில் மலிவாய் வாங்கின ஒரு பூட்டு! தகட்டுக்குச் சக்தி உண்டென்றால் பூட்டு எதற்கு? பூட்டுத்தான் காக்கின்றதென்றால் தகட்டுக்குக் கொடுத்த காசையும் சேர்த்து நல்ல பூட்டாய் வாங்கியிருக்கலாமல்லவா? சாமியின் உண்டியலுக்கே பூட்டுப் போடுகிறார்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து நடராஜரையே தூக்கிக்கொண்டு போனார்கள். அவரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் டாலருக்கு வாங்கிற்று. 2014இல் அவர் திரும்பி வந்தது சொந்தச் சக்தியாலல்ல. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஒரு பழைய புகைப்படத்தை ஒத்துப் பார்த்து, இது களவுச் சரக்கு என்று மனிதர்கள் காட்டினதால் வந்தார். இந்தப் புகைப்பட விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப் பூட்டைப் பார்ப்போம். பூட்டுக்குள்ளே சிறு தகடுகள் அடுக்கி இருக்கின்றன. இதை லீவர் என்கிறார்கள். சாவியின் பல் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கினால்தான் திறக்கும். கூடினாலும் திறக்காது, குறைந்தாலும் திறக்காது. இங்கிலாந்தில் பாரன் என்பவர் 1778இல் இதைச் செய்தார். தகடு அதிகமானால் கள்ளச்சாவிக்கு வேலை கடினம். மலிவுப் பூட்டில் தகடு ஒன்றிரண்டுதான். பல சமயம் பக்கத்து வீட்டுச் சாவியே அதைத் திறந்துவிடும். நம் திண்டுக்கல் பூட்டு கையால் செய்யப்பட்டுப் பேர் பெற்றது. 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் எந்தப் பூட்டும் வெல்ல முடியாததல்ல. லண்டனில் பிராமா கம்பெனியார் தங்கள் பூட்டைக் கள்ளச்சாவியால் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று கடை ஜன்னலில் எழுதி வைத்திருந்தார்கள். 1851இல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் 16 நாளில் சுமார் 51 மணி நேரம் உட்கார்ந்து திறந்து பரிசை வாங்கினார். நம் வீட்டுக்கு வருகிறவனுக்கு அத்தனை பொறுமை கிடையாது. அவனை அரை மணி நேரம் தாமதிக்க வைத்தாலே பூட்டு தன் கூலியைக் கொடுத்துவிட்டது.

உண்மையில் அவன் பூட்டைத் தொடுவதே அபூர்வம். கடப்பாரையை நாதாங்கிக்குள் விட்டு நெம்புகிறான். அரை அங்குல ஆணியில் நிற்கும் நாதாங்கி பூட்டோடு பெயர்ந்து வருகின்றது. ஆயிரம் ரூபாய்ப் பூட்டை ஐந்து ரூபாய் ஆணியில் தொங்கவிட்டதன் பலன் அது! ஆகவே முதலில் நாதாங்கியைக் கவனியுங்கள். அதை ஆணியால் அடிக்காதீர்கள். பலகையைத் துளைத்து போல்ட்டு விட்டு உட்புறத்தில் நட்டு முடுக்குங்கள். வெளியே திருகின் தலை தெரிந்தால், திருப்புளியுள்ளவன் எவனும் ஓசையில்லாமல் கழற்றிவிடுவான். கீல் வெளிப்புறமாய் இருந்தால் அதுவும் இப்படியே. நிலைக்கட்டை கறையான் அரித்திருந்தால் பூட்டைப் பற்றிப் பேசியே பயனில்லை. பூட்டின் வளைகம்பிக்கும் நாதாங்கிக்கும் நடுவே கடப்பாரை நுழைய இடமிருக்கக் கூடாது. பின்கதவையும், கையால் ஓட்டைப் பிரிக்கக்கூடிய தாழ்ந்த கூரையையும் மறந்து முன்கதவுக்கு இரண்டு பூட்டுப் போடுவது, முதலாளியை வாசலில் நிறுத்திவிட்டுக் கொல்லையைத் திறந்து வைத்ததற்குச் சமம்.

சாவியைக் கூரை இடுக்கிலும் அம்மிக்கல்லின் அடியிலும் வைப்பதை நிறுத்துங்கள்; அந்த இடம் உங்களைவிடத் திருடனுக்கு நன்றாய்த் தெரியும். மழையில் பூட்டு இறுகினால் எண்ணெய் விடாதீர்கள், தூசி சேர்ந்து இன்னும் கெடும். பென்சில் கரியைத் தூளாக்கிச் சாவித் துளையில் ஊதினால் போதும்.

சான்றுகளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகாதீர்கள். நம்பிக்கையான உறவினரிடமோ, வங்கிப் பெட்டகத்திலோ வையுங்கள். நம் பெண்மக்களின் கைப்பேசியில் ஒவ்வொரு சான்றையும் ஒவ்வொரு நகையையும் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். நடராஜருக்கு உதவினது நமக்கும் உதவும். ஊரை விட்டுப் போகிறவர்கள் பக்கத்து வீட்டாரிடமும் காவல் நிலையத்திலும் சொல்லிவிட்டுப் போவது வெட்கப்பட வேண்டிய காரியமல்ல.

இவ்வளவும் செய்தும் களவு போனால் அடுத்து என்ன நடக்கின்றது? மை போட்டுப் பார்க்கிறவனைத் தேடி ஓடுகிறோம். அவன் வெற்றிலையில் மையைத் தடவி, "கறுத்த ஆள், வடக்கேயிருந்து வந்தவன்" என்கிறான். உடனே பாத்திரம் விற்க வந்தவனோ, ஆதரவற்ற ஒரு கிழவியோ அகப்பட்டுக்கொள்கிறார்கள். தோழர்களே, இதைத்தான் நாம் முக்கியமாய்ச் சொல்ல வந்தோம். பிறப்பைக் கொண்டு மனிதனைத் திருடன் என்று சொல்லும் சட்டமே இந்நாட்டில் இருந்தது. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. கைரேகை கொடுக்க மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் ஜனங்களைச் சுட்டுக் கொன்றார்கள். 1947இல்தான் இம்மாகாணத்தில் அது ஒழிந்தது. மலையாளி என்றாலே சந்தனக்கட்டை வெட்டுகிறவன் என்று கீழ்நாட்டார் பார்த்த பார்வையை அனுபவித்த நீங்கள், அதே பார்வையை வழிப்போக்கன்மேல் திருப்பலாமா? மையில் தெரிந்த ஆளை அடித்துவிட்டால் உண்மையான திருடன் நிம்மதியாய்த் தூங்குவான்.

மைக்காரனுக்குக் கொடுக்கும் பணம் பஸ்ஸுக்குப் போதும். உடைந்த கதவைத் தொடாமல் விட்டுக் காவல் நிலையத்துக்குப் போங்கள். களவு எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்பது 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் நாகரிக் சுரக்ஷா சட்டத்தின் 173ஆம் பிரிவு. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாய்க் கொடுக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள். பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதலாம். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க, இங்கே படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.